காந்திமதியை எங்கே எழுதுவது

அப்பாதுரையிடம் "சொந்த ஊர் எது?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அரை மணி நேரம் போச்சு. விளாத்திகுளத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, கருவேலங்காட்டுக்குள் நடத்தி, ஆவாரங்குளத்து அம்மன் கோயில் வாசலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் ஓய்வார். பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் நகரில் அவர் குடியேறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணம் செய்தது இங்கே. வீடு கட்டியது இங்கே. மகள் தீபலட்சுமியைப் படிக்க வைத்து நாவலூரில் கட்டிக்கொடுத்ததும் இங்கிருந்துதான். ஆனாலும் "நம்ம ஊரு" என்று அவர் வாயில் வந்தால் அது இந்த ஊர் இல்லை.

நான் அவருக்கு எதிர் வீடு. அவரை எனக்குப் பிடிக்கும், அவர்மேல் தீராத கோபமும் உண்டு. இதை எழுதும்போது இரண்டில் எது முன்னால் வரும் என்று எனக்கே தெரியவில்லை.

அவருக்கு வேலை, காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டுவது. விடியும் முன்பே கிளம்பிவிடுவார், திரும்பும்போது தெருவிளக்கு எரியும். காக்கிச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. பெண்பிள்ளைகள் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸை எடுக்காமல் நிற்கிற மனுஷன். யாரும் குறை சொல்ல முடியாது, ஊர்ப்பாசம் ஒன்றைத் தவிர.

அவர் மனைவி காந்திமதிக்கு இந்த நோய் கிடையாது. அனகாபுத்தூரில் பிறந்தவர். பம்மலில் தோல் கம்பெனியில் கையுறை தைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாதுரையைப் பார்த்துக் கட்டிக்கொண்டார். புருஷனை "நீ" என்றுதான் கூப்பிடுவார். வருஷத்துக்கு ஒருதரம் சித்திரை மாதம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆவாரங்குளம் போவார், திரும்பி வந்து ஒரு வாரம் என் மனைவியிடம் அலுத்துக்கொள்வார். "தண்ணி உப்பு. பஸ்ஸு கெடையாது. பேசறது பாதி புரிய மாட்டேங்குது. ரெண்டு நாள் போனா மூணாம் நாள் தலைய வலிக்குது" என்பார்.

இனி 2011-க்கு வருகிறேன். அந்த வருஷம் பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல் எல்லாம் சேர்த்து ஆவாரங்குளத்துக்காரர்கள் நிறையக் குடும்பம் உண்டு, அவர்களுக்கு ஓர் ஊர்ச் சங்கமும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரை வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். அந்த மாதக் கூட்டத்தன்று அவருடைய அண்ணன் ஊரிலிருந்து போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டதால் எதிர் வீடு வரைக்கும் கேட்டது.

"ஏய் அப்பாத்துர, இங்கன ஆஸ்பத்திரி கேட்டு மனு குடுத்திருக்கோம்லா, தலை பத்தலைங்கான். சுத்துப்பட்டியெல்லாம் சேத்தும் கொஞ்சந்தான் கொறையுது. மெட்ராஸ்ல கெடக்கிற நம்ம சனம் பூராவும் இங்கனயே எழுதிட்டா முடிஞ்சு போச்சு. நாங்க வீட்டுக்கு வீடு பேரச் சொல்லிருதோம். நீங்க அங்கன எழுதிராதீங்க, அம்புட்டுத்தான்."

அவர் ஆஸ்பத்திரி என்றது துணை சுகாதார நிலையத்தை. இத்தனை ஆயிரம் பேருக்கு ஒன்று என்று அரசாங்கத்தில் ஓர் அளவு வைத்திருப்பார்கள். அந்த அளவுக்குக் கிட்டத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது ஆவாரங்குளம். அப்பாதுரை அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போட்டார். கொடைக்கு வசூல் செய்வதைவிட உற்சாகம்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வாசலில் பிடித்துக்கொண்டேன். "தண்ணி குடிக்கிறது இங்க, குப்பை போடறது இங்க, தலை மட்டும் அங்கயா? உங்க வீட்டுக்கு லாரித் தண்ணி வரலைன்னா ஆவாரங்குளத்துக்கா போய்க் கேப்பீங்க?"

அவர் சிரித்தார். "சார், மெட்ராஸ்ல ஜனத்துக்கா பஞ்சம்? இங்க நாலு பேர் கொறைஞ்சா யாருக்குத் தெரியும்? அங்க நாலு பேர் கூடினா ஒரு ஆஸ்பத்திரி வரும்."

அந்த வாதத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது, எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. காந்திமதி மட்டும் விடவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"நான் இன்னாத்துக்கு அந்த ஊர்ல? நான் பொறந்தது இங்க, கீறது இங்க. உங்க ஊர்க்காரங்கள எங்கன்னா எழுதிக்கோ. என் பேர இங்க எழுது."

"பேர்தானே காந்தி. பேரு அங்க இருந்தா சோறு இங்க கெட்டா போயிரும்?"

அத்தோடு பேச்சு முடிந்தது. கணக்கெடுக்க வந்த டீச்சருக்கு அப்பாதுரை மோர் கொடுத்து உபசரித்து, "எங்களை ஊர்ல எழுதியாச்சு டீச்சர்" என்று அனுப்பிவைத்தார். ஒரே ஆளை இரண்டு இடத்தில் எழுதிவிடக் கூடாது என்று அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த தெருவில் வேலூர்ப் பக்கத்துக்காரர்கள், அவர்களுக்கும் ஓர் ஊர், ஒரு சங்கம். லைன் வீடுகளில் இருந்த வடநாட்டுப் பையன்களை வீட்டுக்காரர்களே வரி ஏறிவிடும் என்று பயந்து மறைத்துவிட்டார்கள். எங்கள் நகரில் அன்றைக்கு எண்ணிக்கையில் ஏறியது யார் என்று இப்போது யோசித்தால், என்னைப் போல வேறு ஊர் இல்லாதவர்கள்தான்.

ஆவாரங்குளத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது. திறப்பு விழாவுக்கு அப்பாதுரை லீவு போட்டுவிட்டுப் போய் வந்தார். டைல்ஸ் போட்ட தரையையும், சுவரில் அடித்த மஞ்சள் பெயின்டையும், வெளியே நட்ட வேப்பங்கன்றையும் போனில் காட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல காரியம்தானே என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடின. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரவேண்டிய கணக்கெடுப்பு 2021-இல் வரவில்லை. கொரோனா என்றார்கள், அப்புறம் தள்ளிவைத்தோம் என்றார்கள். எங்கள் நகரில் இதற்குள் காலி மனை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கொய்யா மரம் நின்ற இடத்தில் மூன்று மாடி. நாங்கள் இத்தனை பேர் ஆகிவிட்டோம் என்பது ரேஷன் கடை வரிசைக்குத் தெரியும், ஷேர் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும், சாக்கடைக்குத் தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காந்திமதிக்குப் புதுச் செருப்பு கடித்தது. சர்க்கரை உடம்பு. வலது காலில் சுண்டுவிரல் பக்கம் சின்னதாகத் தோல் உரிந்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. உணர்ச்சி இல்லாத கால், வலித்தால்தானே கண்டுகொள்வதற்கு. பார்க்கும்போது புண் ஆழமாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: தினமும் சுத்தம் செய்து கட்டு மாற்ற வேண்டும், காலைத் தரையில் ஊன்றி நிற்கவே கூடாது, இரண்டையும் செய்தால் கால் தப்பிக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டி வரும்.

கேட்பதற்குச் சுலபம். எங்கள் நகரிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போய், இறங்கி, இன்னொன்று மாற வேண்டும். அப்பாதுரை கிளம்பும் நேரத்தில் ஆஸ்பத்திரி திறந்திருக்காது, வரும் நேரத்தில் கட்டுப் போடும் அறை மூடியிருக்கும். மகள் தீபலட்சுமி கைக்குழந்தையோடும் ஆபீஸோடும் நாவலூரில் திண்டாடிக்கொண்டிருந்தாள். சர்க்கரை மாத்திரை வீடு தேடி வந்துவிடும், அதற்கு அரசாங்க ஏற்பாடு இருக்கிறது. கட்டு மாற்றப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும், அது இல்லை. பக்கத்துத் தனியார் கிளினிக்கில் ஒரு மாதம் பார்த்தார்கள், தாக்குப்பிடிக்க முடியவில்லை.

ஆகவே காந்திமதி தனியாகப் போனார். நிற்கக் கூடாது என்ற காலோடு வரிசையில் நின்றார். மழைக்காலத்தில் முட்டிவரை தண்ணீரில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நடந்தார். எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஓட்டும் சாலமோன் சில நாள் சும்மாவே கூட்டிப்போவான். அவனுக்கும் தினமும் முடியுமா? பாதி நாள் போனார், பாதி நாள் போகவில்லை. கார்த்திகை மாதத்தில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அன்றைக்கு அப்பாதுரை என் வீட்டுக்கு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பாதத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் மனு எழுதினோம். எங்கள் நகருக்கு ஒரு சுகாதார நிலையம், சின்னதாக இருந்தால் போதும், ஒரு நர்ஸ், கட்டுப் போட ஒரு மேஜை. நான் எழுதினேன், தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கியது அப்பாதுரை. அவர் லீவு போட்டார், சாலமோன் ஆட்டோவில் மூன்று பேரும் சுகாதார அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கே ரமா என்றொரு அம்மா இருந்தார். எந்தப் பகுதிக்கு எத்தனை நிலையம் என்று திட்டம் போடும் பிரிவு. விரட்டவில்லை, உட்காரச் சொன்னார். மனுவை முழுதும் படித்தார். எனக்கு அதுவே ஆச்சரியம்.

"சார், நீங்க எழுதினதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லன்னு எனக்குத் தெரியும். நானும் இந்தப் பக்கத்துலதான் குடியிருக்கேன். ஆனா இந்த வருஷம் புது நிலையம் யாருக்குன்னு வரிசை போடறப்போ ஜனத்தொகைதான் முதல் கேள்வி. உங்க நகரோட கணக்கு மூவாயிரத்துச் சொச்சம்னு இருக்கு."

சாலமோன் எழுந்தே நின்றுவிட்டான். "இன்னா மேடம் பேஜாரா கீது. எங்க தெரு ஒண்ணுலயே அத்தினி பேரு கீறாங்க. காலைல வந்து பாருங்க, ஆட்டோ திருப்ப எடம் இல்ல."

"அது 2011 கணக்குங்க. அதுக்கப்புறம் எண்ணவே இல்லையே. வருஷா வருஷம் இவ்வளவு வளர்ந்திருக்கும்னு மேல ஒரு மதிப்பு போட்டுக்கறோம். அடியில இருக்கற நம்பர் சின்னதா இருந்தா மேல போடற வளர்ச்சியும் சின்னதாத்தானே வரும்? நூத்துக்கு அம்பது கூடிச்சுன்னு வச்சாலும் மூவாயிரத்துக்கு மேல அம்பது சதவீதம்தான் சார். பக்கத்து நகர் அப்பவே ஒன்பதாயிரம் காட்டியிருக்கு. அதனால இந்தத் தடவை அவங்களுக்குப் போகுது."

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாத ஓட்டை அன்றைக்குத் தெரிந்தது. நாலு பேர் குறைவது அந்த ஒரு வருஷத்துக் குறை இல்லை. அந்த நாலு பேருக்குப் பிறந்தவர்கள், அவர்கள் மாடியில் குடிவந்தவர்கள், அவர்களைப் பார்த்து வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து குறைகிறார்கள். தண்ணீர்க் குழாயை எவ்வளவு அகலத்துக்குப் புதைப்பது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வாத்தியார், எந்தத் தெருவுக்குள் பஸ்ஸை விடுவது என்று எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்யும்போது, அவர் கண்ணுக்கு நம் முகம் தெரியாது, அந்த எண்தான் தெரியும். ரமா அம்மா நல்லவர்தான். நல்லவராக இருந்து என்ன செய்ய, அவர் கையில் இருந்தது அந்த எண்.

அப்பாதுரை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். மெதுவாகச் சொன்னார்: "அந்த மூவாயிரத்துல நாங்க இல்ல மேடம்."

அவர் என்னவோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து ரமா அம்மா லேசாகச் சிரித்தார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லாமல் விட்டதற்காக மட்டும் என்னை நான் மெச்சிக்கொள்வேன்.

"உங்க பேர் மட்டும் இல்லப்பா. எத்தனை பேர் விட்டுப் போச்சு. அதுக்கும் மேல, நடுவுல எண்ணவே இல்லையே. அந்தம்மாவே சொன்னாங்க இல்ல?" என்றேன்.

"மத்தவங்க கதை எனக்குத் தெரியாது சார். காந்தி பேரை நான்தான் எடுத்தேன். அவ வேணாம்னா. நான் எடுத்தேன்" என்றார்.

டீ ஆறிப்போயிற்று. அவர் குடிக்கவில்லை.

அடுத்த சித்திரையில் கொடைக்குப் போனார்கள். கட்டு மாற்ற வேண்டுமே என்று காந்திமதியை அந்த மஞ்சள் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே எப்சி என்று ஒரு நர்ஸ். வரிசை இல்லை, டோக்கன் இல்லை. காந்திமதியை நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் சுத்தம் செய்தாளாம். ஊரில் ஆள் எங்கே இருக்கிறது? இருப்பவர்கள் வயசானவர்கள், மீதி எல்லாம் மெட்ராஸ், பம்பாய், திருப்பூர். அன்றைக்கு மொத்தமாக நாலைந்து பேர்தான் வந்தார்களாம்.

"அக்கா, ரெண்டு மாசம் இங்கனயே இருந்திருங்க. நான் ஆத்திக் குடுத்திருதேன்" என்று எப்சி சொல்லியிருக்கிறாள்.

காந்திமதி மாட்டேன் என்றுதான் சொன்னார். அப்பாதுரை காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்தார். இரண்டு மாதத்தில் புண் பாதி ஆறிவிட்டது. சந்தோஷத்தில் போய் அழைத்து வந்தார். இங்கே வந்து மூன்று வாரம், அதே வரிசை, அதே தண்ணீர், புண் மறுபடி வாயைத் திறந்தது. திரும்பக் கொண்டுபோய் விட்டார். இப்படி இரண்டு தடவை ஆயிற்று. மூன்றாம் தடவை காந்திமதியே, "அலைய முடியாது, அங்கயே கீறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் புடவைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தாளு நாஸ்தா துண்ணாம கெளம்பிடும், நீ கொஞ்சம் பாத்துக்க" என்றார். ஆட்டோவில் ஏறி எங்கள் தெருவைத் திரும்பிப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன், என்னால் பார்க்க முடியவில்லை.

அனகாபுத்தூரில் பிறந்து, பம்மலில் வேலை பார்த்து, இந்தத் தெருவில் வாழ்ந்த ஒரு பெண், தலைவலி வரும் ஊரில் புருஷனுடைய அண்ணன் வீட்டு ஒற்றை அறையில் இருக்கிறார். புருஷன் இங்கே ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டு பஸ் ஓட்டுகிறார். வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விடலாமே என்று கேட்டேன். அங்கே என்ன வேலை இருக்கிறது, மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது என்று கேட்டார். கொடைக்குப் போய் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற ஊரில் பிழைக்க வழி கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது ஒருவழியாகக் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. முதலில் வீட்டையும் வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் எழுதுகிறார்கள், ஆள் ஆளாக எழுதுவது அப்புறம். செய்தி வந்ததிலிருந்து அப்பாதுரைக்கு வேறு நினைப்பில்லை. "எங்க சாப்பிடறியோ, எங்க தூங்கறியோ, அங்க எழுது" என்பதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். லைன் வீட்டு வடநாட்டுப் பையன்களிடம் பாதி இந்தியிலும் பாதி கையாலும் பேசினார். வரிக்குப் பயந்த வீட்டுக்காரர்களிடம் சண்டை போட்டார். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு ஆசைதான், மனம் வரவில்லை.

சங்கக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார். கூடம் நிரம்பியிருந்தது. ஸ்பீக்கரில் அதே அண்ணன், குரலில் மட்டும் வயசு ஏறியிருந்தது.

"எல்லாரும் அங்கன எழுதிட்டா இங்கன பாதி ஆளு காணாமப் போயிரும் அப்பாத்துர. ஆளே இல்லாத ஊருக்கு எதுக்கு நர்ஸுன்னு அந்தப் பிள்ளைய வேற எடத்துக்கு மாத்திருவான். பெறவு ஒம் பொஞ்சாதி காலை யாரு பாக்கது? யோசிச்சுப் பேசுடே."

எல்லாரும் அப்பாதுரையைப் பார்த்தார்கள். எப்சி இருப்பதால்தான் அந்தப் பாதம் இன்னும் இருக்கிறது. நான் அந்த இடத்தில் இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், "அண்ணன் சொல்றது சரிதானே மச்சான், இந்த ஒரு தடவை ஊர்லயே எழுதிக்குவோம்" என்றார்.

அப்பாதுரை தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காந்திக்குப் போறதுக்கு ஒரு ஊர் இருந்துச்சு. இந்தத் தெருவுல கையெழுத்து வாங்கப் போனப்ப இன்னும் எத்தனை பேர் காலைத் துணியில சுத்திக்கிட்டு வந்து கதவத் திறந்தாங்கன்னு நான் பாத்தேன். அவங்க எங்க போவாங்க? அண்ணே, அங்க இருக்கிறவங்களை மட்டும் எழுதுங்க. அதுக்கு நர்ஸ் இருந்தா இருக்கட்டும். இல்லாட்டி..." அண்ணன் போனை வைத்துவிட்டார். சிலர் காபி குடிக்காமலே எழுந்து போனார்கள்.

எழுத ஆள் வந்தது ஞாயிற்றுக்கிழமை. வினிதா என்ற இளவயது டீச்சர், கையில் போன், எல்லாம் அதில்தான் தட்டுகிறார். அடுத்து எங்கள் வீடு என்பதால் நானும் அப்பாதுரை வாசலில் நின்றேன். மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, சத்தம் அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"வீட்ல எத்தனை பேர் சார் இருக்கீங்க?"

அப்பாதுரை வீட்டுக்குள் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "வீட்டுக்காரி ஊர்ல இருக்கா டீச்சர். வைத்தியத்துக்குப் போயிருக்கா."

"கொஞ்ச நாளைக்குத்தானா? திரும்பி வந்துருவாங்கன்னா இங்கயே சேத்துக்கலாம் சார். ரெண்டுன்னு போட்டுக்கட்டுமா?"

ரெண்டு என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இந்தத் தெருவில் காந்திமதியை எழுத வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தவர், "ஒரு நிமிஷம் டீச்சர், அவளைக் கேட்டுக்கறேன்" என்று போனை எடுத்தார்.

"காந்தி, எழுத வந்திருக்காங்க. உன் பேரை இங்கயே போடலாம்னு டீச்சர் சொல்றாங்க. போடவா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தார். காந்திமதியின் குரல், வழக்கமான அதட்டல் இல்லாமல் வந்தது.

"போன வாரமே இங்க வந்து எழுதிகினு போய்ட்டாங்க. உங்க அண்ணன் உன் பேரயும் சேத்துச் சொல்லிச்சு. நான்தான் வோணாம்னேன். அவரு இங்க இல்ல, நான் மட்டும்தான் கீறேன்னு சொல்லிட்டேன்."

"திரும்பி வந்துருவேல்ல? அப்ப இங்க எழுதலாமாம்."

"எப்போ வருவேன்? சொல்லு. அந்த எப்சி பொண்ணுக்கே தெரியல. நான் இங்கதான் துண்றேன், இங்கதான் தூங்குறேன். நீதானே எல்லார்கிட்டயும் அப்டிச் சொல்லிகினு கீறே."

அவர் போனை அணைத்து சட்டைப் பையில் வைத்தார். "ஒருத்தர்தான் டீச்சர்" என்றார்.

வினிதா டீச்சர் தட்டிக்கொண்டார். வீடு சொந்தமா என்று கேட்டார். சொந்தம் என்றார். எத்தனை அறை என்று கேட்டார். ரெண்டு என்றார். அடுத்த கேள்வியைப் போனைப் பார்த்தபடியே படித்தார்.

"இந்த வீட்ல சேர்ந்து வாழற கணவன் மனைவி எத்தனை ஜோடி சார்?"

அப்பாதுரை என்னைப் பார்த்தார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல டீச்சர்."

டீச்சர் பூஜ்யம் என்று போட்டுக்கொண்டு, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.